படுக்கையருகே வைத்த பிஸ்டலை மாற்றியதும், திருப்பி மாற்றியதும்

2021 தீபாவளியன்று மாலை குடும்பத்தோடு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தோம். டெக்சஸில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரவு பத்து மணிக்குத் திரும்பியபோது பின்கதவு சட்டத்தோடு பிளந்து கிடந்தது. அலமாரித் துணி முழுவதும் கட்டில்மேல். மனைவியின் நகை இருபத்திரண்டு பவுன் போய்விட்டது, அதில் அவளுடைய பாட்டி கொடுத்த அட்டிகையும் ஒன்று. இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் சொன்னார். வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். பாலிசியை எடுத்துப் படித்தால், திருடுபோன நகைக்கு உச்சவரம்பு 1,500 டாலர். பல பாலிசிகளில் அப்படித்தான் இருக்கிறது. நகையைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்த்திருந்தால்தான் முழுத்தொகை கிடைக்கும். வீட்டில் நகை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஃபிரிட்ஜ் சத்தம் போட்டாலும் எழுந்து உட்காருவேன். ஆள் இல்லாத வீட்டுக்கு வந்தார்கள், ஆள் இருக்கும்போது வந்தால் என்ன செய்வேன் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் கிரீன் கார்டு வந்திருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இங்கே துப்பாக்கி வாங்குவதோ வைத்திருப்பதோ கூட்டரசு சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். 4473 என்ற படிவத்தை நிரப்பினேன், கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார், கால்மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. வாங்கியது கிளாக் 19 பிஸ்டல், ஐந்தாம் தலைமுறை. 9 மி.மீ. குண்டு, பிடிக்குள் சொருகும் மேகசினில் பதினைந்து தோட்டா. முழு அளவு பிஸ்டலை விடக் கொஞ்சம் சிறியது, என் கைக்கும் மனைவியின் கைக்கும் பொருந்தியது. 550 டாலர். படுக்கையருகே வைக்க விரல்ரேகையில் திறக்கும் சின்ன சேஃப் ஒன்றும் வாங்கினேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் மூன்று தடவை சுட்டபோது குறி இடது பக்கம் கீழே கீழே போனது. பக்கத்து லேனில் நின்றவர், இதன் ட்ரிகர், அதாவது சுட இழுக்கும் விசை, கனமாக இருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்றார். உண்மையில் அது வலது கைக்காரர்கள் புதிதாகக் கற்கும்போது செய்யும் சாதாரணத் தவறு. சத்தத்துக்கும் அதிர்வுக்கும் பயந்து, சுடும் கணத்திற்கு ஒரு நொடி முன்பே கையை இறுக்கிக் கீழே அழுத்துவதால் வருவது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் போகாது. யாரிடமும் கேட்காததால் எனக்கு அது தெரியவில்லை. தமிழ் நண்பர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. துப்பாக்கி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று, எல்லாவற்றையும் தனியாக, இரவு பன்னிரண்டு மணிக்கு வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

முதலில் ட்ரிகர் கிட், 190 டாலர், பொருத்தக் கூலி 75. அப்புறம் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைக் கடைந்து, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் பொருத்தும் வேலை, 165. அந்த ரெட் டாட் 420. அது பழுதானால் சாதாரண சைட்டால் குறி பார்க்க உயரமான சைட், 95. கீழே மாட்டும் லைட், 140. பிடியைச் சூட்டுக்கோலால் சொரசொரப்பாக்கியது, 180. மேகசின் நீட்டிப்பு இரண்டு, 70. மேகசினைக் கழற்ற அழுத்தும் பட்டன், பெரியது, 20, ஸ்லைடைப் பிடித்து விடுவிக்கும் லீவர், பெரியது, 30. மொத்தம் 1,385 டாலர், பிஸ்டல் விலையின் இரண்டரை மடங்கு. லைட்டும் ரெட் டாட்டும் சேர்ந்ததில் பிஸ்டல் பழைய சேஃபுக்குள் நுழையவில்லை. 210 டாலருக்குப் பெரிய சேஃப் வாங்கினேன். ஏதாவது மாட்ட நினைப்பவர்கள் முதலில் இதை அளந்து பாருங்கள். சேஃபுக்குள் போகாத பிஸ்டல் இரண்டு நாள் கழித்து மேசை டிராயருக்குள் போய்விடும். என்னுடையதும் நான்கு இரவு டிராயரில் இருந்தது, வீட்டில் ஒன்பது வயது மகள் இருக்கும்போது. அதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைத்து, அது பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சஸில் அது குற்றமும்கூட.

ஏன் இவ்வளவு செய்தேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் ஒரு நாள், இரண்டு நாள் பயம் குறைந்தது. அப்புறம் திரும்ப வந்தது. உடனே அடுத்ததை ஆர்டர் செய்தேன். சுடக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்புக்கும் போகவில்லை.

மே மாதம் அம்மா விருதுநகரிலிருந்து வந்தார். வந்த மூன்றாம் நாள் இரவு, மூன்று மணி இருக்கும், கீழே ஏதோ உலோகம் இடறிய சத்தம். மனைவியை எழுப்பாமல் சேஃபைத் திறந்து பிஸ்டலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சமையலறையில் ஓர் உருவம் அசைந்தது. லைட்டைப் போட்டேன். பிஸ்டலுக்குக் கீழே மாட்டிய லைட் என்பதால், வெளிச்சம் எங்கே விழுகிறதோ குழலும் அங்கேதான் பார்க்கும். வெளிச்சத்தில் அம்மா நின்றார், கையில் பால் பாத்திரம். "யாருப்பா அது? லைட்ட மூஞ்சில அடிக்காத, கண்ணு கூசுது" என்றார். ஜெட் லேகில் தூக்கம் வராமல் காப்பி போட எழுந்திருக்கிறார். பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கைப் போடாமல் இருட்டிலேயே அடுப்பைத் தேடியிருக்கிறார்.

லைட்டை அணைத்து, பிஸ்டலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான்தாம்மா" என்றேன். மேலே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கை நடுங்கியதில் மேகசினைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நேரம் என் விரல் எங்கே இருந்தது? ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருந்தது என்று சத்தியம் செய்ய ஆசைதான். நினைவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, முதலிலேயே போயிருக்க வேண்டிய வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு நாள், 450 டாலர், தோட்டா தனி. பயிற்றுநர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி. முதல் நாள் காலையிலேயே என் பிஸ்டல் 'கிளிக்' என்று மட்டும் சத்தம் போட்டு நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில், அடிபட்டதும் பற்றவைக்கும் பிரைமரில், மெலிதாக ஒரு தடம் மட்டும். மதியத்துக்குள் 180 தோட்டாவில் பதினொன்று இப்படி. மதியம் அதைவிட மோசம். உறையிலிருந்து எடுத்து இலக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போதே, நான் நினைப்பதற்கு முன், குண்டு வெடித்து எனக்கு ஆறடி முன்னால் மண்ணில் பாய்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் வரிசை முழுவதையும் நிறுத்தினார். என்னிடம் வந்து, திட்டாமல், பிஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டு ட்ரிகரைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தார். இரண்டே முக்கால் பவுண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது ஐந்தரை பவுண்டு சுமாருக்கு இருப்பது.

சாயங்காலம் அவர் உட்காரவைத்து விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் ட்ரிகர் விற்கும் எந்த வீடியோவிலும் இதை நான் கேட்கவில்லை. இந்த பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளுகிற தனி பாதுகாப்புப் பூட்டு கிடையாது. உள்ளே மூன்று தடைகள் உண்டு. ட்ரிகரின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு, பிரைமரை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் முளை, கீழே விழுந்தாலும் வெடிக்காமல் பிடிக்கும் அமைப்பு. மூன்றுமே ட்ரிகரை இழுத்தால் விலகிவிடும். அதனால் பயந்த விரலுக்கும் குண்டுக்கும் நடுவே கடைசியாக நிற்பது ட்ரிகரின் கனமும் அது நகரும் தூரமும்தான். என் கிட் இரண்டையும் குறைத்துவிட்டது. குறைப்பதற்காக ஸ்ட்ரைக்கரைத் தள்ளும் ஸ்பிரிங்கையும் மெலிதாக்கியிருந்தார்கள். அந்த ஸ்பிரிங்தான் பிரைமரை அடிக்கும் வேகத்தைக் கொடுப்பது. எல்லாத் தோட்டாவின் பிரைமரும் ஒரே மாதிரி இருக்காது, கொஞ்சம் கடினமானது வந்தால் அடி போதாது, வெடிக்காது. ஆக, வெடிக்கக் கூடாதபோது வெடிக்கவும் வெடிக்க வேண்டியபோது வெடிக்காமல் நிற்கவும் நான் காசு கொடுத்து ஏற்பாடு செய்திருந்தேன். போட்டியில் சுடுபவர்களுக்கு அது சரி, அங்கே வெடிக்காத தோட்டாவுக்கு இழப்பு சில நொடிகள். நடுராத்திரி நடுங்கும் கையோடு நிற்பவனுக்கு அது பொருந்தாது. கனமான ட்ரிகருக்கு மருந்து பயிற்சி என்றார். குண்டு இல்லாமல் தினமும் பத்து நிமிடம் இழுத்துப் பழகினால் போதும். அப்படிப் பழகும்போது தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, குழலின் அடியில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் என் குறி நடுவுக்கு வந்துவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்யும்போதும் அதே எச்சரிக்கை. இந்த பிஸ்டலைப் பிரிக்க ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும். சேம்பரில் ஒன்று இருந்தால் அது வெடிக்கும்.

சட்டம் பற்றி ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசினேன், 300 டாலர். டெக்சஸில் வீட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைகிறவனிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது, தண்டனைச் சட்டத்தின் 9.32-வது பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு, 'ஆம், உயிருக்கு ஆபத்து என்று நம்பி வேண்டுமென்றே சுட்டேன்' என்று சொல்பவனுக்கு. 'தானாக வெடித்துவிட்டது' என்று ஆனால் கதை வேறு, அது கவனக்குறைவு. ட்ரிகரை நீங்களே இலேசாக்கியிருந்தால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு, இது தற்காப்பு இல்லை, விபத்து என்று வாதாட வழி கிடைக்கிறது. மாற்றிய ஒரே காரணத்துக்காக யாரும் சிறைக்குப் போவதில்லை, அப்படிப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம் என்றும் அவர் சொன்னார். கேள்வி எழுப்ப ஒரு பொருளை நாமே கொடுக்கிறோம், அவ்வளவுதான். அரிசோனாவில் ஹரோல்ட் ஃபிஷ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் 2004-ல் மலைப்பாதையில் ஒருவரைச் சுட்ட வழக்கை உதாரணம் காட்டினார். ஃபிஷ் வைத்திருந்தது வலு அதிகமான 10 மி.மீ. பிஸ்டல், நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா. இரண்டும் சட்டப்படி சரிதான். இருந்தும் அரசுத் தரப்பு அதை ஜூரிகள் முன் பெரிதாகப் பேசியது. 2006-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2009-ல் மேல்முறையீட்டில் அது ரத்தாகும்வரை அவர் சிறையில் இருந்தார். மண்டை ஓடு, வீர வசனம் பொறித்த ஸ்லைடு மூடிகள் விற்கிறார்கள். அந்தப் படத்தை ஜூரிகள் பார்ப்பதாக நினைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றார் வக்கீல்.

அடுத்த வாரமே பழைய ட்ரிகர் பாகங்களையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டேன். நல்லவேளை, கழற்றியவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். எதைக் கழற்றினாலும் அப்படி வைத்திருங்கள். கடைந்த ஸ்லைடையும் சூடு வைத்த பிடியையும் பழையபடி ஆக்க முடியவில்லை. அவற்றுக்குக் கம்பெனி உத்தரவாதமும் போனது. விற்கப் போனால், பிறர் கைவைத்த பிஸ்டலுக்குப் பாதி விலைதான் சொல்கிறார்கள். பெரிய மேகசின் பட்டன் இன்னொரு தொல்லை. சேஃபுக்குள் இருந்த ஸ்பாஞ்சு அதை அழுத்தி, மேகசின் பாதி கழன்ற நிலையில் இரண்டு தடவை கண்டேன். சுட்டால் சேம்பரில் இருக்கும் ஒன்றோடு நின்றுவிடும். அதையும் லீவரையும் நீட்டிப்புகளையும் கழற்றிவிட்டேன்.

ரெட் டாட் கெட்டது என்று சொல்ல மாட்டேன், பலருக்கு அது உதவுகிறது. எனக்கு அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை இருப்பதால் அந்தப் புள்ளி வால் முளைத்த நட்சத்திரம்போல இழுபட்டுத் தெரிந்தது. கருவிதான் கோளாறு என்று நினைத்து ஒரு தடவை மாற்றிக்கூட வாங்கினேன், தபால் செலவு என்னுடையது. வாங்கும் முன் கடையிலேயே போன் கேமரா வழியாகப் புள்ளியைப் பாருங்கள். கேமராவில் உருண்டையாகவும் உங்கள் கண்ணுக்குச் சிதறியும் தெரிந்தால் கோளாறு கண்ணில். 420 டாலர் மிச்சமாகும். இப்போது இருட்டில் ஒளிரும் டிரிடியம் சைட் மட்டும் வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுக்கும் பிளாஸ்டிக் சைட்டுக்குப் பதில் அதை மாற்றியது மட்டும் காசுக்குத் தகுந்த மாற்றம் என்பது என் கருத்து. பன்னிரண்டு வருடத்தில் பிரகாசம் பாதியாகும், பேட்டரி தேவையில்லை.

லைட் விஷயத்தில்தான் எனக்குப் பிடிவாதம். பிஸ்டலில் மாட்டிய லைட்டை வைத்து யாரையும் தேடாதீர்கள். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள் அதைத் தரையில் அடித்து, சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் அறையைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. உங்களுக்கும் இல்லையென்றால், கையில் தனி டார்ச். அதைவிட முன்னால், வீட்டில் எப்போதும் கொஞ்சம் வெளிச்சம். படிக்கட்டு, ஹால், சமையலறை மூன்றிலும் பிளக்கில் சொருகும் சின்ன இரவு விளக்கு போட்டேன், மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டு டாலர். அன்றைக்கு அது இருந்திருந்தால் படிக்கட்டிலேயே அம்மாவின் சேலை தெரிந்திருக்கும்.

சத்தம் கேட்டால் கீழே இறங்கிப் போவதையும் நிறுத்திவிட்டேன். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வீட்டில் யார் யார் எங்கே என்று கணக்கெடுக்க வேண்டும். எல்லோரும் மாடியில் இருந்தால் படுக்கையறைக் கதவைப் பூட்டி 911. பின்கதவுப் பூட்டு உட்காரும் தகட்டில் முக்கால் அங்குல திருகுதான் இருந்தது. உதைத்ததும் சட்டம் பிளந்ததற்கு அதுவே காரணம். மூன்று அங்குல திருகு போட்டு, சுவருக்குள் இருக்கும் கட்டைவரை இறக்கினேன். எட்டு டாலர். மிச்சமிருந்த நகை பாங்க் லாக்கருக்குப் போனது. 1,385 டாலரில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் இவற்றுக்குச் செலவழித்திருந்தால் பிஸ்டல் இல்லாமலேயே நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிஸ்டலுக்குள் போடும் தோட்டாவைப் பற்றியும் ஒன்று. பயிற்சிக்குப் போடும் மலிவான தோட்டா ஜிப்சம் சுவர்களைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும். ஹாலோ பாயின்ட் உடலுக்குள் விரிந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது, ஆனாலும் தப்பிய குண்டு நம் வீட்டுச் சுவரைத் தாண்டும். என் மகளின் கட்டில் படிக்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நகர்த்திவிட்டேன். ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆனாலும், வைத்திருக்கப்போகும் அதே ரகத்தில் இருநூறாவது சுட்டுப் பார்த்துத் தடங்கல் இல்லை என்று தெரிந்த பிறகே சேஃபில் வையுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அந்த இருநூறு மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. தூக்கமில்லாத அந்த மாதங்களில் நான் நல்ல மனநிலையில் இல்லை. அப்போது வீட்டில் அது இருந்ததே சரியா என்று மனநல ஆலோசகரிடம் போன பிறகுதான் யோசித்தேன். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் என்றால் நண்பர் வீட்டிலோ, பாதுகாத்துத் தரும் கடையிலோ கொடுத்து வைக்கலாம்.

மனைவியிடம் எல்லாவற்றையும், செலவுக் கணக்கோடு, ஆகஸ்டில் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்த வகுப்புக்கு நானும் வருகிறேன் என்றாள். வந்தாள், என்னைவிட நன்றாகச் சுடுகிறாள், கம்பெனி ட்ரிகரோடு. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. போன மாதம் போனில் பேசும்போது, "அந்தப் பெரிய டார்ச் லைட்ட ஊருக்கு வர்றப்ப கொண்டு வாப்பா, கரண்டு போனா ஆகும்" என்றார்.